நீலக் குழலும் பழுப்புக் குழலும்: குழந்தைகளின் இழுப்புக்கு மருந்து வந்த வழி

ஆங்கிலேய ஆஸ்துமா வைத்தியத்தின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. அதைப் பெற்றுத் தந்தது, குப்பைமேட்டில் யாரும் விதைக்காமலே முளைக்கிற ஊமத்தை. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் செடிகொடிப் பித்தர். சாயப்பூச்சி வளர்க்கச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டவர். மூச்சு முட்டினால் ஊமத்தை வேரை உலர்த்திக் குழலில் அடைத்துப் புகைக்கும் இந்நாட்டுப் பழக்கத்தை அவர் ஜெனரல் ஜென்ட் என்பவரிடம் சொன்னார். ஜென்ட் 1802இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே உள்ளூரில் வளர்ந்த ஊமத்தையின் வேறோர் இனத்தையும் புகைத்துப் பார்த்தார்கள். அதற்கும் இழுப்பு கேட்டது.

ஊமத்தையில் அட்ரோபின் முதலான நச்சுப்பொருள்கள் இருக்கின்றன. மூச்சுக்குழல்களைச் சுற்றியுள்ள தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் செய்தியை அவை மறிக்கின்றன. இறுகிய குழல் தளர்கிறது. அளவு சற்றுக் கூடினால் நாக்கு வறண்டு, கண்மணி விரிந்து, சித்தம் பேதலிக்கும். ஊமத்தங்காயைப் பற்றி ஊரில் சொல்கிற பயமெல்லாம் இதே சரக்கின் வேலைதான். 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வேதியியலாளர்கள் அட்ரோபினை மாற்றியமைத்து, மூளைக்குள் எளிதில் புகாத இப்ராட்ரோப்பியத்தை உருவாக்கினார்கள். கடும் இழுப்போடு நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தையின் நெபுலைசரில் இன்றைக்கு, மூச்சுக்குழலைத் திறக்கும் சால்ப்யூட்டமால் மருந்தோடு சேர்த்து ஊற்றப்படுவது அதுதான். ஊமத்தையின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

19ஆம் நூற்றாண்டில் ஊமத்தை இலை சேர்த்த ‘ஆஸ்துமா சிகரெட்’ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருந்துக்கடைச் சரக்கானது. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்துக்கு முதல் கடும் இழுப்பு 1881இல், ஒன்பது வயதில், பாரிஸை ஒட்டிய மரத்தோப்பில் உலாவிவிட்டு வந்தபோது கண்டது. வளர்ந்த பிறகும் அவர் அறையில் மருந்துப் பொடி புகைந்துகொண்டிருந்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியடோர் ரூசவெல்ட் சிறுவனாக இருந்தபோது, மூச்சுத் திணறிய இரவுகளில் தந்தை அவனுக்குச் சுருட்டுப் புகைக்கக் கொடுத்தார், கறுப்புக் காப்பி குடிக்க வைத்தார், குதிரை வண்டியில் ஏற்றிக் குளிர்காற்றில் ஓட்டிப்போனார்.

சுருட்டைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் காப்பியையும் சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது. லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர் தாமே ஆஸ்துமாக்காரர். 1860இல் வந்த அவருடைய நூல் திடமான காப்பியைச் சிபாரிசு செய்கிறது. காப்பியிலுள்ள காஃபீனும், 20ஆம் நூற்றாண்டில் ஆஸ்துமா மாத்திரையாகப் பரவிய தியோஃபிலினும் ஒரே வேதிக் குடும்பம். பூனைக்குப் பக்கத்தில் போனால் தமக்கு இழுப்பு வருவதையும் சால்ட்டர் குறித்துவைத்தார். கண்ணெதிரே பூனை இருந்தும், நோயை நரம்புக் கோளாறு என்றே கடைசிவரை கொண்டார்.

புகை, காப்பி, 1900களின் தொடக்கத்தில் வந்த அட்ரீனலின் ஊசி, எல்லாமே இறுகியதைத் தளர்த்தின. ஏன் இறுகியது, நாளைக்கு இறுகாமல் இருக்க இன்றைக்கு என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அவற்றிடம் பதில் இல்லை. குழந்தைகளின் ஆஸ்துமா மருத்துவ வரலாற்றை எங்கே தொட்டாலும் இந்த ஏற்றத்தாழ்வு தட்டுப்படுகிறது. உடனே மூச்சைத் திறக்கும் மருந்து எப்போதும் முந்திக்கொள்கிறது, அமைதியாகத் தடுக்கும் மருந்து எப்போதும் வாசலில் காத்திருக்கிறது.

நரம்புக் கோளாறு என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மனக் கோளாறு என்று வேடம் மாற்றிக்கொண்டது. உளப்பகுப்பாய்வாளர்கள் சிலர், குழந்தையின் இழுப்பு தாயை நோக்கி அழ முடியாமல் அடக்கிய அழுகை என்றார்கள். நியூயார்க் மருத்துவர் மர்ரே பெஷ்கின் அடுத்த படி ஏறினார். எந்த மருந்துக்கும் அடங்காத குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தால் இழுப்பு தணிகிறது என்று கண்டு, அந்தப் பிரிவுக்கு அறுவைச் சிகிச்சையின் பெயர் போலவே ஒரு பெயரும் சூட்டினார்: குடல்வாலை வெட்டி எடுப்பதுபோலப் பெற்றோரை ‘வெட்டி எடுப்பது’. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில், காசநோயாளிகளின் பிள்ளைகளுக்காக யூத சமூகத்தினர் 1907இல் தொடங்கிய காப்பகம் 1950களில் ஆஸ்துமாக் குழந்தைகளின் இல்லமாக மாறியது. நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே ஒன்றிரண்டு ஆண்டுகள் வீட்டைப் பிரிந்து வாழ்ந்தார்கள்.

பலருக்கு உண்மையாகவே குணம் கண்டது. குறை சொல்வதற்கு முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் டென்வர் கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டர் மேலே, வறண்ட காற்றில் நிற்கும் நகரம். 1960களின் நடுவில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா இருவரும் சகாக்களோடு சேர்ந்து, வீட்டுத் தூசியில் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் ஒரு சிற்றுண்ணி என்று காட்டினார்கள். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று, மெத்தையிலும் தலையணையிலும் வாழும் உயிர் அது. அதற்கு ஈரம் வேண்டும். உலர்ந்த மலைக்காற்றில் அதன் தொகை சரிந்துவிடும். அப்படியானால் டென்வரில் குழந்தைகள் பிரிந்து வந்தது அம்மாவையா, மெத்தையையா? இதே கேள்வியை இல்லத்தின் உளவியலாளர் கென்னத் பர்செல் தலைகீழாக்கிச் சோதித்து 1969இல் வெளியிட்டார். குழந்தையை அதே வீட்டில், அதே தூசியில் விட்டுவிட்டு, குடும்பத்தாரை விடுதிக்கு அனுப்பினார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு அப்போதும் இழுப்பு குறைந்தது. ஆக, மனத்துக்கும் மூச்சுக்குழலுக்கும் தொடர்பு இல்லவே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. முழுப் பழியையும் தாயின் தலையில் கட்டியதுதான் பிழை.

இந்தக் கதையில் ஓர் உள்முரணும் உண்டு. ஒவ்வாமை மனத்தில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது என்பதற்கான உறுதியான சான்று அதே டென்வர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்துதான் வந்தது.

அதற்கான வழியைத் திறந்தவரும் குழந்தை மருத்துவரே. வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, குதிரைச் சீரம் ஊசி இரண்டாம் முறை போடப்பட்ட பிள்ளைகளுக்கு விரைவாகவும் கடுமையாகவும் காய்ச்சலும் தடிப்பும் வருவதைக் கவனித்து, 1906இல் ‘அலர்ஜி’ என்ற சொல்லை உண்டாக்கினார். 1921இல் கார்ல் பிராவ்ஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாமை கொண்ட தம் சகா ஹைன்ஸ் கியூஸ்ட்னரின் சீரத்தைத் தம் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஊசியால் செலுத்தியதும் தடித்தது. ஒவ்வாமையைச் சீரத்தோடு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடிந்தது. அந்தச் சீரத்துக்குள் இருந்தது என்ன என்று கண்டறிய இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருக்கோ இஷிசாகா தம்பதி, தங்கள் தோலையே சோதனைப் பலகையாக்கி, 1966இல் ஐஜி-ஈ என்னும் எதிர்ப்பொருளை அடையாளம் கண்டார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் இருவரும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று குழந்தைக்கு ‘அலர்ஜி டெஸ்ட்’ என்று எழுதிக்கொடுக்கும் சீட்டில் பெரும்பாலும் இந்த மூன்றெழுத்துதான் இருக்கும்.

மருந்துக் குழலின் கதை இதற்குப் பத்தாண்டு முன்னால் தொடங்குகிறது. ரைக்கர் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்துக் கருவி, ரப்பர்க் குமிழை அமுக்கி மருந்தைத் துளிகளாக்கும் கண்ணாடிச் சாதனம். பையில் வைத்தால் உடையும், அமுக்கும் பலத்துக்கேற்ப அளவு மாறும். முடிக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பா போல இந்த மருந்தையும் ஏன் அடைக்கக் கூடாது என்று 1955இல் அந்தப் பெண் தந்தையைக் கேட்டாள். அடுத்த ஆண்டே அளந்து பீய்ச்சும் இன்ஹேலர் கடைக்கு வந்தது. ஒவ்வோர் அமுக்கலுக்கும் ஒரே அளவு மருந்து, சட்டைப்பையில் அடங்கும், பள்ளிக்கூடத்திலும் எடுக்கலாம். ஒரு குழந்தையின் கேள்வியிலிருந்து இவ்வளவு பயனுள்ள கருவி பிறந்தது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

அந்தக் கருவியே சில ஆண்டுகளில் பிரிட்டனில் பெருந்துயரமாக மாறியது.

1960களில் பிரிட்டனில் பரவிய இன்ஹேலர்களில் இருந்தது ஐசோபிரினலின். அது மூச்சுக்குழலைத் திறக்கும், கூடவே இதயத்தையும் விரட்டும். அதன் ‘ஃபோர்ட்’ வகையில் ஒரு பீய்ச்சலுக்கு வழக்கத்தைப் போல ஐந்து மடங்கு மருந்து. ஸ்பைசர், டால், ஹீஃப் மூவரும் 1968இல் வெளியிட்ட கணக்கு இன்றைக்குப் படித்தாலும் திடுக்கிட வைக்கிறது: 10 முதல் 14 வயதுக்குட்பட்டோரின் ஆஸ்துமா மரண விகிதம் ஏழே ஆண்டுகளில் ஏறத்தாழ 8 மடங்கு ஏறியிருந்தது. 1966இல் அந்த வயதில் நேர்ந்த எல்லா மரணங்களிலும் 7 விழுக்காடு ஆஸ்துமாவால். 1967இல் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை போனது, 1968இல் சீட்டில்லாமல் விற்பது நின்றது, மரணம் சரிந்தது. ஃபோர்ட் வகை விற்ற நாடுகளில்தான் இந்த அலை எழுந்தது, விற்காத நாடுகளில் எழவில்லை என்று பால் ஸ்டாலி 1972இல் ஒப்பிட்டுக் காட்டினார்.

மருந்தே இதயத்தை நிறுத்தியதா, அல்லது பம்ப் அடித்ததும் கிடைத்த தற்காலிக நிம்மதியில் மருத்துவமனைக்குப் போவது தாமதமானதா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது காரணம் மருந்து மாறினாலும் மாறாது. நியூசிலாந்தில் 1976இல் ஃபெனோட்டெரால் இன்ஹேலர் வந்த பிறகு மறுபடி மரணங்கள் ஏறின. ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி முதலானோர் 1989இல் அந்த மருந்தை நோக்கி விரல் நீட்டினார்கள். கட்டுப்பாடு வந்ததும் எண்ணிக்கை இறங்கியது. ஒரே பாடத்தை உலகம் இருபது ஆண்டு இடைவெளியில் இருமுறை படிக்க வேண்டியிருந்தது.

இடையில் நல்ல மருந்துகளும் வந்தன. இங்கிலாந்தின் வேர் நகரில் டேவிட் ஜாக்கின் குழு, இதயத்தை அதிகம் சீண்டாமல் மூச்சுக்குழலைத் திறக்கும் சால்ப்யூட்டமாலை உருவாக்கியது. 1969இல் விற்பனைக்கு வந்தது. நீலக் குழல் என்று பிரிட்டிஷ் குழந்தைகள் அறிந்தது இதைத்தான். அதே குழு 1972இல் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை இன்ஹேலரில் கொண்டுவந்தது: பழுப்புக் குழல். டார்பி நகர மருத்துவர் ஹாரி மாரோ பிரவுன் இதன் முதல் சோதனைகளை நடத்தினார். அவர் நோயாளியின் சளியை நுண்நோக்கியில் வைத்து ஈசினோஃபில் அணுக்களைத் தேடுகிறவர். அவை நிறைந்திருந்தால் ஸ்டீராய்டுக்குக் கேட்கும் என்பது அவர் கண்ட வழி. வாய்வழி ஸ்டீராய்டால் முகம் உப்பி, வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் பலர், பழுப்புக் குழலுக்கு மாறிய பின் மாத்திரையை விட முடிந்தது. ஆஸ்துமா வெறும் தசை இறுக்கமல்ல. குழலின் உட்சுவர் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி என்ற புரிதல் இப்படித்தான் நிலைபெற்றது.

இன்னொரு தடுப்பு மருந்தைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. சிரியாவின் அலெப்போவோடு வேர் கொண்ட ஆர்மீனிய-ஆங்கில மருத்துவர் ரோஜர் ஆல்டூன்யன், ஆர்தர் ரான்சமின் புகழ்பெற்ற சிறுவர் நாவலில் வரும் ரோஜர் பாத்திரத்துக்கு முன்மாதிரி. இரண்டாம் உலகப்போரில் விமானி. தாமே ஆஸ்துமாக்காரரான அவர், கினிப்பன்றி முடியை ஊறவைத்த சாற்றை மூச்சில் இழுத்து வேண்டுமென்றே இழுப்பை வரவழைத்து, எந்தச் சேர்மம் அதைத் தடுக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் தம் நெஞ்சிலேயே சோதித்தார். 1965இல் சோடியம் குரோமோகிளைகேட் கிடைத்தது. பொடியை உள்ளிழுக்கச் செய்த கருவியில் ஒரு குட்டி விமான விசிறி சுழன்றது. பக்கவிளைவு குறைவு என்பதால் பல ஆண்டுகள் குழந்தைகளுக்கு இதுவே முதல் தேர்வாக இருந்தது. இன்ஹேலர் ஸ்டீராய்டின் வலிமைக்கு முன் பிறகு பின்தங்கியது.

ஸ்டீராய்டு என்றதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளை வளர்வானா என்பது. அதற்கு எண்ணிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 1,041 குழந்தைகளை வைத்து நடந்த நீண்ட ஆய்வில், சில ஆண்டுகள் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்கள் பெரியவர்களான பின் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தார்கள். 2012இல் இந்த முடிவு வெளியானது. 1.2 சென்டிமீட்டர் ஒன்றுமில்லை என்று தள்ளுவதும் சரியல்ல, மூச்சுத் திணறலோடு அதைச் சமமாக வைப்பதும் சரியல்ல.

கருவி வந்துவிட்டால் போதுமா? நான்கு வயதுக் குழந்தை அமுக்கும் நொடியிலேயே மூச்சை இழுக்காது; மருந்து தொண்டையில் அடித்து நின்றுவிடும். அதற்காகத்தான் ஸ்பேசர் என்ற இடைக்கலம்: மருந்து அதற்குள் மேகமாக நிற்க, குழந்தை முகமூடி வழியே ஐந்தாறு முறை இயல்பாக மூச்சுவிட்டால் போதும். விலைதான் இடித்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹெதர் ஸார் குழுவினர், 500 மில்லி குளிர்பான பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் பொருந்துமளவு துளையிட்டு, இடுக்கைப் பசையால் அடைத்து, அதையே ஸ்பேசராக்கினார்கள். 1999இல் வெளியான அவர்களின் ஆய்வில், இழுப்போடு வந்த குழந்தைகளிடம் அது கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது; தெர்மகோல் கோப்பை தோற்றது.

இந்த நோய் எங்கே எவ்வளவு என்று எண்ணுவதற்கே 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐசாக் என்ற பன்னாட்டு ஆய்வு ஒரே கேள்வித்தாளோடு பல நாட்டுப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. முதற்கட்டத்தில் 13, 14 வயதுப் பிள்ளைகள் மட்டும் 4,63,801 பேர். சென்னையும் நிலக்கரி நகரமான நெய்வேலியும் இந்திய மையங்களில் இருந்தன. கடந்த 12 மாதத்தில் நெஞ்சில் சீழ்க்கை போன்ற ஒலி வந்ததா என்பது முக்கியக் கேள்வி. அந்த ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒற்றைச் சொல் இல்லை என்பதால், இழுப்போடிருப்பவர்களின் காணொளியைக் காட்டிக் கேட்கும் முறையையும் சேர்த்தார்கள். தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை: இழுப்பு, இளைப்பு, இரைப்பு, ஈளை. ஆனாலும் வீடுகளில் நிலைத்தது ‘வீசிங்’தான். ஆஸ்துமா என்று சொன்னால் பெற்றோர் முகம் வாடும், பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சுவரை கவலை ஓடும். அதனால் மருத்துவரே ‘அலர்ஜி’, ‘சளி’ என்று சுற்றிவளைக்கிறார். ஜூன் மாதம் ஹைதராபாத்தில் பத்தினி குடும்பத்தார் உயிருள்ள சிறு விரால் மீனுக்குள் மருந்து வைத்து விழுங்கக் கொடுக்கும் வரிசையில் குழந்தைகளும் நிற்கிறார்கள்.

உணவு பற்றிய பயமும் இதோடு சேர்ந்தது. வாழைப்பழம், தயிர், திராட்சை என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போகும் வீடுகள் ஏராளம். விலக்குவதே வைத்தியம் என்ற நம்பிக்கை மேற்கிலும் இருந்தது. ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000இல் சொன்னது, 2008இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. லண்டனில் கிடியன் லாக் குழு 640 குழந்தைகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு அதை முழுக்கக் கவிழ்த்தது: முதல் வயதிலேயே வேர்க்கடலை உண்ணத் தொடங்கியவர்களிடம் அந்த ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. இதை எல்லா உணவுக்கும் நீட்டக் கூடாது. ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட குழந்தையிடம் வீட்டிலேயே சோதிக்கவும் கூடாது.

2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா, ஐம்பதாண்டுப் பழக்கத்தை மாற்றியது. வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் இனி நிவாரணி மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு எந்த வகையிலாவது கூடவே இருக்க வேண்டும் என்றது. மதராஸ் ஊமத்தையில் தொடங்கிய ‘தளர்த்தினால் போதும்’ என்ற எண்ணம் ஏட்டளவில் அன்றோடு முடிந்தது.

ஏட்டளவில் மட்டும்தான். தமிழ்நாட்டு வீடுகளில் ‘பம்ப் பழகிவிடும், சிரப் கொடுங்கள் டாக்டர்’ என்ற வேண்டுகோள் இன்னும் ஓயவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சால்ப்யூட்டமால் இன்ஹேலரின் ஒரு பீய்ச்சலில் 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் சிரப் ஒரு கரண்டி, அதாவது 5 மில்லியில், 2 மில்லிகிராம். பம்ப் கடுமையானது என்று பயந்து அம்மா ஊட்டும் அந்த ஒரு கரண்டியில் இருபது பீய்ச்சலின் மருந்து இருக்கிறது. அது இரைப்பைக்குப் போய், இரத்தத்தில் கலந்து, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்த பிறகே நுரையீரலை எட்டுகிறது.

மறுமுறை பார்க்க வரும்போது மருந்துகளையும் எடுத்து வரச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. பை மேசைமேல் கொட்டப்படுகிறது. நிவாரணிக் குழல் தீர்ந்து, இரண்டாவதும் பாதியாகியிருக்கிறது. தினமும் இரண்டு வேளை அடிக்கச் சொன்ன தடுப்பு மருந்துக் குழலை மருத்துவர் எடுத்துக் காதருகே குலுக்குகிறார். வாங்கி இரண்டு மாதம் ஆகியும், உள்ளே நிறைய மருந்து தளும்புகிறது. ‘அவனுக்குத்தான் நல்லா இருந்துச்சே டாக்டர், அதான் நிறுத்திட்டோம்’ என்கிறார் அம்மா.